மூன்று முனகல்

மெக்கானிக்கை ஊரில் எல்லோரும் ‘நாளைக்கு’ என்றுதான் கூப்பிடுவார்கள். எந்த வண்டியைக் கொண்டுபோனாலும் அவன் வாயில் முதலில் வருவது அந்த வார்த்தைதான். வேலையில் கெட்டிக்காரன். தொடங்கத்தான் ஆளுக்கு மனசு வராது.

ஒரு நாள் சாயங்காலம் அவன் ஒரு வீட்டு வாசலில் வந்து இறங்கியபோது, பழைய பெட்ரோல் பிக்கப் தகரக் கூரைக்கு அடியில் நின்றது. வண்டிக்காரர் இறந்து ஒரு வருஷமாகிறது. ஒரு குளிர்கால விடியலில் நெஞ்சுவலி வந்து, தானே ஓட்டிப் போய்விடலாம் என்று ஏறி உட்கார்ந்தார். ஆஸ்பத்திரி பதினெட்டு கிலோமீட்டர். வண்டி கிளம்பவே இல்லை. சாவியைத் திருகியபடியே ஸ்டியரிங்கில் சாய்ந்துவிட்டார்.

அதற்கு நான்கு நாள் முன்புதான் அவர் மெக்கானிக்கிடம் வந்திருந்தார். “குளிர்ல எடுக்க மாட்டேங்குதுப்பா.” இவன் பானட்டைக்கூடத் திறக்கவில்லை. “சாவியை மூணு தடவை போட்டுப் போட்டு அணைங்கண்ணே. ஒவ்வொரு தடவையும் சீட்டுக்கு அடியில பெட்ரோல் பம்ப் முனகும். அப்புறம் செல்ஃப் அடிங்க. நாளைக்குப் பாத்துக்கலாம்.”

ஒரு வருஷமாக அவனுக்குச் சரியான தூக்கம் இல்லை.

“பொண்ணுக்கு நாள் நெருங்கிடுச்சு தம்பி,” என்றாள் வண்டிக்காரரின் மனைவி. “இந்த வாட்டி இது கெளம்பியே ஆகணும்.”

“ராத்திரி பூரா வண்டி ஆறணும்க்கா. விடியல்ல முதல் தடவை எடுக்கறப்பதான் கோளாறு தெரியும். அதுவரைக்கும் யாரும் தொட வேண்டாம்.” சாவியைத் தன் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு போனான்.

விடிந்தும் விடியாமலும் வந்தான். சாவியைத் திருப்பினான். முந்தின சாயங்காலம் நன்றாக இருந்த பேட்டரி சுத்தமாக இறங்கிப் போயிருந்தது. பானட்டைத் திறந்து செல்ஃப் மோட்டாரைத் தொட்டவன் வெடுக்கென்று கையை இழுத்துக்கொண்டான்.

சுட்டது.

“யாராச்சும் எடுத்துப் பாத்தீங்களாக்கா?”

“சாவி உன்கிட்டதானே இருக்கு?”

மீட்டர் வைத்துப் பார்த்ததில் கோளாறு தெரிந்துவிட்டது. எஞ்சின் சில்லிட்டுக் கிடக்க, வெப்பம் பார்க்கும் சென்சார் ‘நல்ல சூடு’ என்று பொய் சொல்லிக்கொண்டிருந்தது. அதனால்தான் குளிருக்கு வேண்டிய கூடுதல் பெட்ரோல் வரவில்லை. விரல் அளவுச் சாமான். மாற்றினால் தீர்ந்தது. இதற்காகவா ஒரு மனுஷன் போனார்? பேட்டரியைக் கழற்றி, சார்ஜ் போடக் கடைக்கு எடுத்துப் போனான்.

மறுநாள் விடியலில் புது சென்சாரும் தோளில் பேட்டரியுமாக வாசலுக்குள் நுழைந்தான். பனி கண்ணை மறைத்தது. பெட்ரோல் வாசனை மூக்கில் ஏறியது.

ம்ம்ம்.

நின்றான்.

ம்ம்ம்.

பம்ப். பேட்டரியோ அவன் தோளில் இருந்தது.

ம்ம்ம்.

பிறகு செல்ஃப். கிர்... கிர்... கிர்ர்... மூச்சு வாங்குவதுபோல இழுத்து, நின்றது. ஏற்றியிருந்த கண்ணாடியில், ஓட்டுநர் பக்கம் மட்டும், உள்ளிருந்து ஆவி படர்ந்தது.

அவர் இன்னும் கிளம்பப் பார்க்கிறார்.

பேட்டரியைப் படியில் வைத்துவிட்டு ஓடிவிடத்தான் திரும்பினான். வீட்டுக் கதவு திறந்தது. “தம்பி! பொண்ணுக்கு வலி வந்துடுச்சு!”

ஓடவில்லை. பானட்டைத் திறந்து எஞ்சினுக்குள் குனிந்தான். பழையதைக் கழற்றும்போது மறுபடி பம்ப் முனகியது.

“ரெண்டே நிமிஷம்ண்ணே,” என்று கிசுகிசுத்தான். “இன்னிக்கே. இப்பவே.”

முனகல் நின்றது. காத்திருந்தது.

புது சென்சாரில் ஒயர் ‘டக்’ என்று உட்கார்ந்த அந்த நொடியே, எஞ்சின் பிடித்துக்கொண்டது.

பேட்டரி இன்னும் படியில்தான் இருந்தது.

அதை எடுத்து வந்து மாட்டினான். தாயும் மகளும் ஏறினார்கள். ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்தபோது அது வெதுவெதுப்பாக இருந்தது. பதினெட்டு கிலோமீட்டரும் அவன் பின்னால் சாயவே இல்லை. குழந்தை நல்லபடியாகப் பிறந்தது.

பத்து நாள் கழித்து அக்கா ஆள் அனுப்பினாள். விடியலில் போனான். வண்டி அணைந்து கிடந்தது. பானட்டின் மேல் பனித்துளி கலையவில்லை. சாவி அக்கா கையில்.

“உள்ள பாரு,” என்றாள் மெல்ல.

டாஷ்போர்டில் கிலோமீட்டர் எண்கள் தாமாகச் சுழன்றுகொண்டிருந்தன. வண்டி ஒரு அங்குலம் நகரவில்லை. எண்கள் நின்றதும் அக்கா சொன்னாள்: “தினமும் பதினெட்டு. கூடவும் இல்ல, குறையவும் இல்ல.” சாவியை முந்தானையில் முடிந்துகொண்டாள். “வித்துடச் சொல்றா பொண்ணு. வித்துட்டா அவரு எதுல போவாரு?”

 வழக்கமாகச் சொல்லும் ‘நாளைக்கு’கூட அவன் வாயில் வரவில்லை.

இருக்கைக்கு அடியில், மறுபடியும் முதலிலிருந்து, பம்ப் முனகியது.