பின்பாதி

காந்தம் ஒட்டவில்லை.

நிபுணர் இன்னொரு முறை வைத்துப் பார்த்தார். பழைய கார் பார்க்கப் போகும்போதெல்லாம் துணியில் சுற்றிச் சட்டைப் பையில் எடுத்துப்போகும் காந்தம் அது. தகரம் என்றால் பிடித்துக்கொள்ளும். அடிபட்ட இடத்தில் பட்டி பூசி மறைத்திருந்தால் நழுவிவிடும். முன்கதவில் பிடித்தது, பின்கதவில் பிடித்தது. இரண்டுக்கும் நடுவே இருந்த தூணில் நழுவியது. கூரையின் குறுக்கே நகர்த்தினார், மறுபக்கத் தூண்வரை கொண்டுபோனார், குனிந்து அடிப்பக்கமும் தடவினார். ஒரே கோடு. வண்டியின் இடுப்பைச் சுற்றிப் பெயின்டுக்கு அடியில் ஒரு தழும்பு.

நிபுணர் என்பது மைத்துனன் வைத்த பெயர். தொழில் கணக்குத் தணிக்கை. ஜெர்மனியை வரைபடத்தில் மட்டும் பார்த்தவர். ஆனால் ஜெர்மன்காரன் செய்த, நாலு சக்கரமும் இழுக்கிற பழைய கார்களைப் பற்றி யாரும் கேட்காமலே பேசுவார். சாவு வீட்டில்கூடப் பேசியிருக்கிறார். தன் வீட்டுச் சாவில் மட்டும்தான் பேசவில்லை.

“சார், இது காரே இல்ல. சரித்திரம்” என்றார் தரகர். தகரக் கொட்டகையின் கூரையில் மழை அடித்துக்கொண்டிருந்ததால் சரித்திரத்தைக் கத்திச் சொல்ல வேண்டியிருந்தது.

“சரித்திரத்துக்கு டயர் தேஞ்சிருக்கே” என்றான் மைத்துனன். அவன் நிபுணரின் இறந்துபோன மனைவியின் தம்பி. அக்கா போன பிறகு அத்தானைத் தனியாக விடக்கூடாது என்று ஒவ்வொரு கொட்டகைக்கும் கூடவே வருகிறான். காந்தம் போன பாதையை அவனும் பார்த்திருந்தான். “ரெண்டு வண்டியை வெட்டி ஒட்டியிருக்காங்க அத்தான். வாங்க, போயிடலாம்.”

“ஒட்டினது இல்ல தம்பி, இணைச்சது” என்று தரகர் மனம் நொந்தார். “ஒரே மாடல், ஒரே நிறம். ஒண்ணுக்கு முன்பாதி நல்லாயிருந்துச்சு. இன்னொண்ணு லாரியில மோதி முன்பக்கம் பூரா போச்சு. ஆனா பின்னாடி ஒரு கீறல்கூட இல்ல.”

“பின்னாடி உக்காந்திருந்தவங்களுக்கு?”

தரகர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியில் நிதானமாகத் துடைத்தார். “நான் வண்டியைச் சொன்னேன்.”

நிபுணர் அதற்குள் பின்பக்கம் போயிருந்தார். பின்கதவைத் திறந்திருந்தார். ஜன்னலோரம், பழுப்புநிற சீட்டின் விளிம்பில், விரலளவு கிழிசல் ஒன்று பச்சை நூலால் தைக்கப்பட்டிருந்தது.

அவள் தைத்தது. பழுப்பு நூல் தீர்ந்துபோய்ப் பச்சையில் தைத்தாள். ஒரிஜினல் போய்விட்டது, மதிப்பு போய்விட்டது என்று அவர் வாரக்கணக்கில் குதித்தார். “வண்டி முழுசா உங்களுது. இந்த விரலளவு என்னுதா இருந்துட்டுப் போகட்டுமே” என்றாள். அவள் எப்போதும் பின்னால்தான் உட்காருவாள். “முன்னாடி உக்காந்தா வர்ற லாரி எல்லாம் என் மடிக்கே வருது.” தன்னைப் பார்த்தால் டிரைவர் மாதிரி இருக்கிறது என்று அவருக்குக் கோபம் வரும். அவள் போன பிறகு காலியான அந்த இடத்தைக் கண்ணாடியில் பார்க்க முடியாமல் வண்டியை விற்றார். விற்ற பிறகு, பார்க்காமல் இருக்க முடியவில்லை. கொட்டகை கொட்டகையாக அலைந்தது சரித்திரத்துக்காக அல்ல. அந்தச் சீட்டு மறுபடி தன் முதுகுக்குப் பின்னால் வேண்டும், அவ்வளவுதான்.

பச்சைத் தையலை உள்ளங்கையால் மறைத்துக்கொண்டார்.

“ஓட்டிப் பாக்கறேன்.”

“அத்தான், உங்களுக்கென்ன பைத்தியமா?”

“ஒருத்தர் இங்க இருக்கட்டும் சார், ஒரு நம்பிக்கைக்கு” என்றார் தரகர்.

“என்னை அடகு வச்சுட்டுப் போறீங்களா? சீக்கிரம் மீட்டுடுங்க. எனக்குப் பசிக்குது.”

வெளியே வெளிச்சம் மங்கிக்கொண்டிருந்தது. முன்சீட்டில் முகம் தெரியாத எவனோ புகைத்த சிகரெட்டின் பழைய வாடை. வைப்பர் கரகரவென்று தேய்க்க, எதிரே வந்த விளக்குகள் மஞ்சளாகக் கரைந்து வழிந்தன. கொஞ்ச தூரம் போனதும் பின்னாலிருந்து வேறொரு வாடை மெதுவாக முன்னுக்கு வந்தது. ஆஸ்பத்திரித் தரையைத் துடைக்கும் மருந்தும், காயாத தலைமுடியும் கலந்த வாடை. முன்கண்ணாடி உள்பக்கம் பனிக்கவில்லை. பின்கண்ணாடி உள்பக்கம் பனித்திருந்தது. பனி பரவும், சுருங்கும், மறுபடி பரவும், யாரோ நிதானமாக மூச்சு விடுவதுபோல.

‘க்ளிக்’ என்றது. பின்னால் பெல்ட் மாட்டும் சத்தம்.

அவர் திரும்பவில்லை. திரும்பி ஒன்றுமில்லை என்றாகிவிட்டால் என்ன செய்வது என்பதுதான் அப்போது அவருடைய பயம்.

நாற்சந்தி வந்தது. கொட்டகைக்குத் திரும்ப இடப்பக்கம் ஒடித்தார். ஸ்டியரிங் கேட்டது, முன்சக்கரங்கள் திரும்பின. பின்சக்கரங்கள் கூட வரவில்லை. முன்னால் இழுப்பதும் பின்னால் தள்ளுவதும் ஒரே மனசு, அதுதான் இந்த வண்டியின் பெருமை என்று எத்தனை பேரை நிற்கவைத்து விளக்கியிருப்பார்! இப்போது இரண்டு மனசு. பின்பாதி நேராகத் தள்ளியது. முன்பாதி ஈரத் தார்மேல் வழுக்கிக்கொண்டே விட்டுக்கொடுத்தது. இடுப்புத் தழும்பிலிருந்து பல்லைக் கடிக்கும் சத்தம் வந்தது.

நேரே போனால் ஆஸ்பத்திரி. அவளைக் கடைசி வருடம் முழுக்கக் கூட்டிப்போன சாலை.

பிரேக்கை மிதித்தார். வேகம் குறைந்தது. நிற்கவில்லை.

பின்னால் தோல்சீட்டு முனகியது. யாரோ சாய்ந்து உட்கார்ந்தார்கள்.

“வந்துடுச்சா?”

கிசுகிசுப்பு. ஒவ்வொரு திருப்பத்திலும் கேட்பாளே, அதே கேள்வி. உடம்பின் முடியெல்லாம் சிலிர்த்தது. கண் நிறைந்தது. இரண்டும் ஒன்றாக.

“இதோ, வந்துடுச்சும்மா.”

அவள் இறந்தது அவளுக்குத் தெரியவில்லை. இன்னும் வைத்தியத்துக்குப் போய்க்கொண்டிருக்கிறாள். இத்தனை நாளும், யார் யாரோ ஓட்டிய வண்டியில், இந்த வாசலுக்கு வரக் காத்துக்கொண்டு.

வண்டி நின்றது. ஆஸ்பத்திரி வாசல். போர்டிகோவில் யாருமில்லை. ஒரு குழல்விளக்கு மட்டும் துடித்துக்கொண்டிருந்தது.

பின்கதவு திறந்துகொண்டது.

யாரும் இறங்கவில்லை. அவளால் இறங்க முடியாது. தூக்க வேண்டும்.

இறங்கினார். குனிந்தார். ஒரு கை முதுகுக்கு, ஒரு கை முழங்காலுக்கு. சீட்டில் யாருமில்லை. இருந்தும் கை நிறைந்தது. கடைசி மாதங்களின் கனம். கனமே இல்லாத கனம். கழுத்தைச் சுற்றி விரல்கள் கோத்துக்கொண்டன. குளிர்ந்த விரல்கள். பரவாயில்லை. அவர் விசும்பினார். “போலாம்மா” என்றார்.

நிமிரப் பார்த்தார். முடியவில்லை.

சட்டையை எதுவோ பிடித்திருந்தது. சீட்டின் மறுகோடியிலிருந்து. சின்னப் பிடி.

அவர்களுக்குக் குழந்தை இல்லை. லாரியில் மோதியபோது பின்னால் யார் உட்கார்ந்திருந்தார்கள் என்று தரகர் சொல்லவே இல்லை.

பிடி மேலே ஏறியது. சட்டை. முழங்கை. தோள்.

காதருகே அவள் குரல். மூச்சு வாங்கியது. கெஞ்சியது.

“இவளையும் தூக்கிக்குங்க. ரொம்ப நேரமா அழுதுட்டிருக்கா.”

ஈரமான இரண்டு சின்னக் கால்கள் அவர் இடுப்பைச் சுற்றிக்கொண்டன. ஒன்றில் மட்டும் செருப்பு இருந்தது.