கேப்டன் பிடுங்கிய மணிகள்

வகுப்பில் எல்லோரும் அவளைக் கேப்டன் என்றுதான் கூப்பிடுவார்கள். எதற்கெடுத்தாலும் முதல் ஆளாக நிற்பாள். அவளுடைய தோழி குண்டூசி நேர்மாறு. ஒல்லி, வாய் திறந்து பேசுவதே அபூர்வம்.

அறிவியல் கண்காட்சிக்காக இருவரும் சேர்ந்து ஒரு விண்மீன் மண்டலம் செய்திருந்தார்கள். தட்டையான தெர்மோகோல் வட்டு. நடுவில் பொம்மென்று மஞ்சள் பஞ்சு உருண்டை. அதிலிருந்து சுழன்று சுழன்று வெளியே போகும் மினுமினுப்புக் கைகள். இதெல்லாம் கேப்டன் செய்தது. குண்டூசியோ சின்னச் சின்ன மணிகளை மெல்லிய கம்பிகளில் கோத்து, வட்டுக்கு மேலும் கீழும் நிற்கும்படி செருகியிருந்தாள்.

கண்காட்சியன்று காலையில் கேப்டன் சீக்கிரமே வந்துவிட்டாள். கம்பிகள் கோணலும் மாணலுமாக நீட்டிக்கொண்டிருந்தன.

'சே, அழகையே கெடுக்குதே!' என்று நினைத்தவள், ஒவ்வொன்றாகப் பிடுங்கிக் குப்பைத்தொட்டியில் போட்டாள்.

குண்டூசி வந்தாள். பார்த்தாள். பையை மேசைக்கடியில் வைத்துவிட்டுப் பக்கத்தில் வந்து நின்றாள்.

சற்று நேரத்தில் அறிவியல் மிஸ் வந்து குனிந்து பார்த்தார்.

"நடுப்புடைப்பு இருக்கு. வட்டு இருக்கு. சுருள் கைகள் பிரமாதம்! ஆனா இது எல்லாத்தையும் சுத்தி, பந்து மாதிரி ஒளிவட்டம் இருக்குமே? ரொம்பப் பழைய நட்சத்திரங்கள் அங்கே கொத்துக் கொத்தா இருக்குமே, அது எங்கே?"

கேப்டனுக்குத் தூக்கிவாரிப்போட்டது. அந்த மணிகள்!

"மறந்துட்டோம் மிஸ்," என்றாள் குண்டூசி, மெதுவாக.

கேப்டனின் முகம் எரிந்தது. குண்டூசி கோள் சொல்லியிருந்தால்கூடச் சண்டை போட்டிருக்கலாம். இப்போது தரையைத் தவிர வேறெங்கும் பார்க்க முடியவில்லை.

மிஸ் அடுத்த மேசைக்குத் திரும்பினார். பேசாமல் இருந்தால் யாருக்கும் தெரியப்போவதில்லை.

"மிஸ்!" கேப்டன் கூப்பிட்டாள். "அவ மறக்கல. செஞ்சு வெச்சிருந்தா. நான்தான் பிடுங்கிப் போட்டுட்டேன். அது எதுக்குன்னு அவகிட்ட கேக்கக்கூட இல்ல."

கூடமே திரும்பிப் பார்த்தது. கேப்டன் குப்பைத்தொட்டிக்குள் கையை விட்டாள். பென்சில் சீவல், ஈரக் காகிதம், யாரோ கடித்துப்போட்ட ஆப்பிள்.

"டேய், கேப்டன் குப்பை பொறுக்குறாடா!" என்று ஒருவன் சிரித்தான். அவள் காது சிவந்தது. தலை நிமிரவில்லை.

"மத்த மேசையெல்லாம் பார்த்துட்டு வரேன்," என்றார் மிஸ். "அதுக்குள்ள ஒளிவட்டம் வந்துடணும்."

மணிகளைத் தன் பாவாடையிலேயே துடைத்து நீட்டினாள் கேப்டன். "மன்னிச்சுடு. எது எங்கேன்னு எனக்குத் தெரியாது. நீ சொல்லு, நான் செருகுறேன்."

"மேலே. இன்னும் மேலே. நடுவுக்குப் பக்கத்துல கொஞ்சம் நெருக்கமா."

கேப்டன் ஒரு கம்பியைச் செருகினாள். "என் மேல கோபமா?"

"கோபம்தான். பயங்கரக் கோபம்," என்றாள் குண்டூசி. "அடுத்த மணியை எடு."