மூடுபனிக்குள் நின்றவர்

என் பெயர் கிவும்பி. விக்டோரியா ஏரிக்கரைச் சதுப்பில் தலை நரைக்கும்வரை படகு தள்ளியவன். அங்கே விடியற்காலை மூடுபனி எவ்வளவு கெட்டி தெரியுமா? துடுப்பை அதன்மேல் சாய்த்து வைத்துவிட்டு, தேநீர் குடித்துவிட்டு வரலாம். துடுப்பு விழாது.

அப்படி ஒரு காலையில், நைரோபியிலிருந்து பறவைகளைப் படமெடுக்க வந்த அச்சியெங்கை இரண்டாவது நாளாகப் படகில் ஏற்றிக்கொண்டு போனேன். அவளுடைய கேமரா ஒரு வாழைத்தார் நீளம்.

நடுவில் என் அண்ணன் மகள் நம்பூசி. பத்து வயது. பள்ளி விடுமுறை. என் படகு கொஞ்சம் ஒழுகும். சரி, நிறையவே ஒழுகும். பாதியாக வெட்டிய பிளாஸ்டிக் கேனால் தண்ணீரை இறைத்து ஊற்றுவது அவள் வேலை.

நாங்கள் தேடிப் போனது புல்வே என்ற பறவையை. சாம்பல் நிறம், மரச்செருப்பு மாதிரி மூக்கு. அந்த மூக்குக்குள் என் இரண்டு சப்பாத்துகளையும் வைத்து, மேலே மதியச் சாப்பாட்டையும் வைக்கலாம். மணிக்கணக்கில் அசையாமல் நிற்கும். எங்கள் மீனவர்கள் தண்ணீரில் இருக்கும்போது அதன் பெயரைக்கூடச் சொல்வதில்லை. ‘அவர்’ என்பார்கள். அவரைப் பார்த்துவிட்டால் வலையில் மீன் விழாது என்று படகைத் திருப்பிவிடுவார்கள்.

கோரைக்குள் நுழைந்ததும் தவளைச் சத்தம் நின்றது. என் மூச்சுச் சத்தம் எனக்கே யாரோ பின்னால் நிற்பதுபோல் கேட்டது. பனி மெல்ல விலகியது.

அவர் நின்றுகொண்டிருந்தார். மஞ்சள் கண்கள் எங்களையே பார்த்தன.

அச்சியெங்குக்கு ஒரே மகிழ்ச்சி. நேற்று தூரத்திலிருந்து எடுத்தவள், இன்று பக்கத்திலிருந்தே எடுத்தாள்.

“படம் எடுக்க வந்தா அசையவே மாட்டாரு. நம்ம ஆளு” என்று நான் பெருமை அடித்துக்கொண்டேன்.

நம்பூசி கேமராவின் சின்னத் திரையில் நேற்றைய படத்தைப் பார்த்தாள். “சித்தப்பா, நேத்தும் இதே முறிஞ்ச கோரை இவரு இறக்கைமேல சாஞ்சிருக்கு.”

“அந்த இடம் பிடிச்சுப் போயிருக்கும்.”

“ராத்திரி பூராவுமா?”

“பின்னே? உன்னை மாதிரி பாயில உருளுறவரா அவரு?”

அப்போது அவர் காலடியில் ஒரு கொழுத்த நுரையீரல் மீன் காற்றுக்காக மேலே வந்து வாய் திறந்தது. புல்வேக்கு அதுதான் விருந்து. அவர் குனியவில்லை. மீன் சாவகாசமாக மூச்சு வாங்கிக்கொண்டு கீழே போனது.

இது உயிருள்ள பறவைதானா என்று அச்சியெங் கிசுகிசுத்தாள். என் தலைமுடி எழுந்து நின்றதில் தொப்பி ஒரு சாண் உயர்ந்திருந்தது.

டக் டக் டக் டக் டக்.

காய்ந்த எலும்புகளை யாரோ தட்டுவதுபோல அவர் மூக்கு அடித்துக்கொண்டது. எடுத்த படங்கள் போதும் என்று சொல்லிக்கொண்டே நான் படகைத் திருப்ப ஆரம்பித்தேன்.

எங்கள் ஊரில் பெண்பிள்ளைகள் பெரியவர்களைக் கண்டால் மண்டியிட்டுத்தான் நலம் விசாரிப்பார்கள். நம்பூசிக்குப் பயத்தில் வேறொன்றும் தோன்றவில்லை போலிருக்கிறது. கேனைக் கீழே வைத்துவிட்டு, படகுக்குள் நின்ற தண்ணீரிலேயே மண்டியிட்டாள்.

“வணக்கம் ஐயா. ராத்திரி நல்லாத் தூங்கினீங்களா?”

நான் சிரித்தேன். சிரிக்காவிட்டால் அலறியிருப்பேன். ஆனால் அவர் அந்தப் பெரிய தலையை மெல்ல, மிக மெல்ல, அவள் பக்கம் தாழ்த்தினார். அச்சியெங்கின் கேமரா ஒரே ஒரு தடவை ‘கிளிக்’ என்றது.

மண்டியிட்டதில் நம்பூசியின் முகம் தண்ணீர் மட்டத்துக்குப் போயிருந்தது. இலைகளுக்கு அடியில் அவள் எதையோ உற்றுப் பார்த்தாள்.

“சித்தப்பா, அவரு நிக்கலை. மாட்டிக்கிட்டு இருக்காரு.”

நானும் குனிந்தேன். யாரோ வீசிவிட்டுப் போன கிழிந்த நைலான் வலை. ஒரு முனை கோரை வேரில், மறுமுனை அவர் காலில். கால் வீங்கியிருந்தது. உயரத்தில் உட்கார்ந்து பார்த்த எங்களுக்கு இலைதான் தெரிந்தது.

கரைக்குப் போய் வனக்காவலர்களை அழைத்து வரலாம் என்றேன்.

“அதுக்குள்ள அவரு விழுந்துடுவாரு. நான் விசாரிச்சுக்கிட்டே இருக்கேன், அவரு என்னையே பார்ப்பாரு. அக்கா, நீங்க அறுத்துடுங்க” என்றாள் நம்பூசி.

அச்சியெங் கேமராவை என் மடியில் வைத்தாள். கோரை வெட்டும் என் கத்தியை வாங்கிக்கொண்டு முன்பக்கம் குப்புறப் படுத்தாள். அந்தக் கத்தியோடு நானே போயிருப்பேன். படகைப் பிடிக்க ஆள் வேண்டாமா?

எங்கள் ஊர் நலம் விசாரிப்பு லேசில் முடியாது. வீட்டில் எல்லோரும் நலமா, பிள்ளைகள் நலமா, வாழைத்தோட்டம் நலமா, ஆடு குட்டி போட்டதா என்று நம்பூசி கேட்டுக்கொண்டே போனாள். ஒவ்வொன்றுக்கும் அவர் தலையாட்டினார். கேள்வி தீர்ந்து அவள் நிறுத்தியதும் அந்த மூக்கு அச்சியெங்கின் கைப்பக்கம் திரும்பியது.

“ஐயா, எங்க சித்தப்பா படகு ஒழுகுதுங்க” என்று அவசரமாக ஆரம்பித்தாள். மூக்கு நின்றது. “அடைக்கச் சொன்னா நாளைக்குன்னு சொல்றாரு. போன வருஷமும் அதையேதான் சொன்னாரு.”

அது உண்மையும்கூட. இறைக்க ஆளில்லாமல் தண்ணீர் என் முழங்காலைத் தொட்டிருந்தது. இன்னும் கொஞ்சம் போனால் மீனவர்கள் எங்களை வலை போட்டுத்தான் எடுத்திருக்க வேண்டும்.

வலை அறுந்தது.

அவர் ஒரு காலை எடுத்து வைத்தார். பிறகு மற்றதை. வானத்தையே மூடுவதுபோல இறக்கையை விரித்து எழும்பினார். அந்தக் காற்றில் என் தொப்பி பறந்து தான்சானியாவில் போய் விழுந்திருக்கும். இன்றுவரை கிடைக்கவில்லை. பறக்கும் படம் அச்சியெங்குக்கும் கிடைக்கவில்லை. அவள் கடைசியாக எடுத்தது அந்த ஒரே ‘கிளிக்’ படம்தான். மண்டியிட்ட சிறுமி, தலை தாழ்த்திய பறவை. மற்ற படங்களையெல்லாம் விட்டுவிட்டு அதைத்தான் அவள் பெரிதாக்கி வீட்டில் மாட்டினாள்.

மறுநாள் அந்த இடம் காலியாக இருந்தது. முறிந்த கோரை தண்ணீரில் கிடந்தது. அப்போது பனிக்குள் எங்கிருந்தோ கேட்டது.

டக் டக் டக்.

நம்பூசி மண்டியிட்டாள். அச்சியெங்கும் மண்டியிட்டாள். நானும்தான். திரும்ப எழுந்திருக்கத்தான் அவர்கள் இரண்டு பேரும் சேர்ந்து என்னைத் தூக்க வேண்டியிருந்தது.