மாஸ்டரின் பகல் நித்திரை

ரேடியோவில் பழைய பாட்டொன்று போய்க்கொண்டிருந்தது. அதன் தாளத்துக்கு மாஸ்டரின் இடது கால் பெருவிரல் மெல்ல ஆடியது.

போர்வையை மடித்துக்கொண்டிருந்த யோசப்பின் அப்படியே நின்றுவிட்டாள். தூக்கக் குளிசை கொடுத்தது காலை எட்டு மணிக்கு. இப்போது பத்து. வாய் பிளந்து, மூச்சுக் கரகரக்க, அடித்துப்போட்டதுபோலத் தூங்குகிற மனிதரின் விரலுக்குப் பாட்டு எப்படிக் கேட்கும்? ரேடியோவை அணைத்தாள். விரலும் நின்றது.

அம்பிட்டிய மேட்டிலிருந்த அந்த வீட்டுக்கு அவள் வேலைக்கு வந்து ஐந்து மாதம். மாஸ்டர் நவரட்ணராஜா விலங்கியல் படிப்பித்து ஓய்வு பெற்றவர். பாரிசவாதம் வந்து வலப்பக்கம் விழுந்து, இரண்டு வருடமாகக் கட்டிலோடு கிடந்தார். மகள் சத்தியபாமா காலையில் வங்கிக்குப் போனால் மாலை ஐந்துக்குத்தான் திரும்புவாள். அதுவரை அவருக்குத் துணை யோசப்பின்தான். பொழுது சாய்ந்தால் அவளுக்கு இன்னொரு வேலை இருந்தது, ஒரு ஹோட்டலில் விடிய விடியத் துணி துவைப்பது.

மாஸ்டருக்கு இரவில் மட்டும் அரைக் குளிசை என்று டாக்டர் எழுதியிருந்தார். பகல் முழுக்க அவர் பேசிக்கொண்டேயிருப்பார். அவளுக்கோ இமை சொக்கிச் சொக்கி விழும். ஒருநாள் அவருடைய தேத்தண்ணியில் அரைக் குளிசையைக் கரைத்தாள். அவர் தூங்கினார், அவளும் கதிரையில் தூங்கினாள். பிறகு அது முழுக் குளிசையானது. பிறகு தினமும். பார்மசிக்கு மருந்துச் சீட்டைக் கொண்டுபோவதும் அவளே என்பதால் யாருக்கும் தெரியவில்லை.

வந்த புதிதில், அவள் கொட்டாவி விடுவதைக் கண்டு மாஸ்டர் சிரித்துக்கொண்டே சொன்னது இப்போது நினைவுக்கு வந்தது.

"முழிச்சிருக்க முழிச்சிருக்க மூளைக்குள்ள ஒரு கழிவு சேருது பிள்ளை. அது கூடக் கூட ஆளை அமத்தும். நித்திரை கொண்டாத்தான் குறையும். இன்னொரு சுரப்பு இருக்கு, அதுதான் முழிப்பைத் தாங்கிப் பிடிக்கிறது. கனவு வரேக்க மூளை கைகாலைப் பூட்டிப்போடும். சிலநேரம் மனம் முழிச்சிடும், பூட்டுத் திறவாது."

"அப்ப கத்தக்கூட முடியாதுங்களா ஐயா?"

"ஏலாது. ஆனா எல்லாம் கேட்கும்."

யோசப்பின் குனிந்து அவர் காதருகே வாயை வைத்தாள். தைலமும் பவுடரும் வியர்வையும் கலந்த வாடை மூக்கில் ஏறியது. கூரைத் தகரத்தில் குரங்கொன்று குதித்து ஓடியது.

"ஐயா... கேக்குதுங்களா?"

மூடியிருந்த இமைக்கடியிலிருந்து ஒரு சொட்டுக் கண்ணீர் கசிந்து காதுக்குள் இறங்கியது.

எத்தனை நாளாக? அவருக்கு முன்னாலேயே ஃபோனில் தங்கச்சியிடம் "கெழவன படுக்க வச்சிட்டேன்" என்று சிரித்திருக்கிறாள். துணி மாற்றும்போது முகம் சுளித்து முணுமுணுத்திருக்கிறாள். எல்லாம் நினைவுக்கு வந்தபோது, உடுத்த துணி உருவப்பட்டதுபோல உடம்பு கூசியது.

மறுநாளிலிருந்து குளிசையை நிறுத்தினாள். மாஸ்டர் கண்ணைத் திறந்தார். ஆனால் பேசவில்லை. கண்ணை மூடவும் இல்லை. அவள் சமையலறைக்குப் போனாலும், ஜன்னலோரம் ஒதுங்கினாலும், பார்வை பின்னாலேயே வந்தது.

"ரெண்டு இரவா அப்பா கண்ணே மூடேல்லை," என்றாள் சத்தியபாமா, இரண்டு நாள் கழித்து வேலைக்குக் கிளம்பும்போது. "பகலில எண்டாலும் படுக்கிறாரோ?"

உண்மையைச் சொல்லிவிடத்தான் வாயெடுத்தாள்.

"ஆமாங்க மிஸ். நல்லா தூங்குறாரு."

"நீங்கள் இருக்கிறபடியாத்தான் நான் நிம்மதியா வேலைக்குப் போறன்."



அன்று மதியம் ஹந்தானை மலைப் பக்கமிருந்து மழை இருட்டிக்கொண்டு வந்தது. அறைக்குள் ஈரச் சுவரின் வாடை, தகரத்தில் மழையின் ஒரே சீரான இரைச்சல், அந்த இரைச்சலுக்கு நடுவே கட்டிலிலிருந்து வரும் கரகர மூச்சு. இனி இவர் முன்னால் தூங்குவதில்லை என்று நினைத்திருந்தாள். தலை தானாகக் கதிரையில் சாய்ந்தது.

விழித்தபோது கை அசையவில்லை. கண் பாதி திறந்திருந்தது, ஜன்னல் பக்கம் மட்டும் தெரிந்தது. நாக்கு கல்லாய்க் கிடந்தது. மழை விட்டிருந்தது.

கொஞ்ச நேரத்தில் சரியாகிவிடும். சரியாகிவிடும்.

கட்டில் கிரீச்சிட்டது.

ஒரு பாதம் சீமெந்துத் தரையில் பட்டது. பிறகு மற்றது. ஒரு காலை ஊன்றி, மறு காலைத் தேய்த்து இழுத்து வரும் நடை. அவளைச் சுற்றிக்கொண்டு கதிரைக்குப் பின்னால் போய் நின்றது. தைல வாடை. பிடரியில் மூச்சு.

மன்னிச்சிருங்க ஐயா. உதடு பிரியவில்லை.

வாசலில் சாவி திரும்பியது. சத்தியபாமா! மணி ஐந்தா? செருப்புச் சத்தம் அறைக்குள் வந்தது. அவளைத் தாண்டி நேரே கட்டிலுக்குப் போனது.

"அப்பா?" குரல் உடைந்தது. "அப்பா... ஐயோ, குளிர்ந்துபோய்க் கிடக்கிறாரே! யோசப்பின்! எழும்புங்கோ! நீங்கள் நித்திரையோ?"

அவள் உலுக்கியதில் யோசப்பினின் தலை சரிந்தது. அப்போதுதான் கட்டில் தெரிந்தது. மாஸ்டர் மல்லாந்து கிடந்தார். திறந்திருந்த கண்ணின் மேல் ஓர் ஈ நடந்தது. கருமணியில் நின்று காலைத் தேய்த்தது. இமை ஆடவில்லை.

பிடரியில் மூச்சு நிற்கவில்லை.

சத்தியபாமா அவள் தோளைப் பிடித்து உலுக்கி உலுக்கி அழுதாள். பின்னாலிருந்து இரண்டு குளிர்ந்த விரல்கள் யோசப்பினின் நெற்றி வழியே இறங்கின. அவளுடைய இமைகளைத் தொட்டன. மெல்ல, அகல, மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டன.