ஐந்து நிமிடக் கட்டங்கள்

மதியம் ஒன்று இருபதுக்கு ஆறு குழந்தைகளும் தாளில் குறித்திருந்தபடியே முகம் திருப்பிப் படுத்திருந்தன. வேலைக்குப் புதிதாக வந்திருந்த ஓரியே அந்தக் கட்டங்களை நிரப்பியது ஒரு மணிக்கே.

காப்பகத்தில் கைக்குழந்தைகள் தூங்கும்போது ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை ஒவ்வொரு மார்பிலும் கைவைத்து மூச்சு பார்க்க வேண்டும். முகம் எந்தப் பக்கமோ அந்தப் பக்கமாகத் தாளில் அந்தந்த நேரத்துக்கான கட்டத்தில் ஓர் அம்புக்குறி போட வேண்டும். அம்மாக்களுக்கு அன்றாடம் எழுதி அனுப்பும் குறிப்பேடுகள் ஆறும் எழுதாமல் கிடந்தன. மூத்த பணியாளரான தொக்கிவா சாப்பிடப் போகும்போதுதான் வழி சொன்னாள்.

"ரெண்டு மணி வரைக்கும் இப்பவே போட்டுடு. எல்லாரும் அப்படித்தான். குழந்தைங்க என்ன, உன் தாளைப் பாத்தா புரளப்போகுது?"

மழைக்காலத்து மங்கல் வெளிச்சம் திரைக்கு அப்பாலேயே நின்றுவிட, பால் வாடையும் வறுத்த பார்லித் தேநீரின் வாசமும் ஈரக் கோரைப்பாயின் நெடியும் கலந்த அந்த அறையில், ஆறு சின்ன மூச்சுகள் முன்பின்னாகக் கேட்டுக்கொண்டிருந்தன. ஒன்று இருபத்தைந்துக்கு மெத்தைத் துணிகள் ஒரே நேரத்தில் உரசின. ஆறு தலைகளும் திரும்பின. தாளில் போட்டிருந்தபடி.

ஓரியே சிரிக்கப் பார்த்தாள். பயமாக இருந்தது. குறிப்பேடுகளை மூடிவைத்துவிட்டு, ஒவ்வொரு ஐந்தாவது நிமிடமும் அந்தத் துணிச் சத்தத்துக்காகக் காத்திருந்தாள். ஒருமுறைகூட அது தவறவில்லை.

இரண்டு ஐந்து. அந்தக் கட்டங்கள் காலி.

மழை கேட்டது. கடிகாரம் கேட்டது. மூச்சு கேட்கவில்லை.

எட்டு மாத நாகியின் மார்பில் கை வைத்தாள். அசைவில்லை. உலுக்கினாள், கத்தினாள், வாயோடு வாய் வைத்து ஊதினாள். உதடு நீலமாகிக்கொண்டே போனது. என்ன தோன்றியதோ, பேனாவை எடுத்து நாகியின் கட்டத்தில் அம்பு போட்டாள்.

மார்பு எழுந்தது.

மற்ற ஐந்தையும் போட்டாள். ஐந்தும் மூச்சு விட்டன. அடுத்த கட்டத்தில் பேனாவை வைக்கும்போது கதவு திறந்தது. தொக்கிவா நாகியின் மார்பைத் தொட்டுப் பார்த்தாள்.

"மூச்சு நல்லாத்தானே இருக்கு? எதுக்கு இந்தக் கத்தல்? நகராட்சியிலேர்ந்து சோதனைக்கு ஆள் வந்திருக்காங்க. தாளைக் குடு."

"வேணாம் டீச்சர். உங்க கால்ல விழறேன். மூணு மணி வரைக்கும் போட்டுட்டுத் தர்றேன்."

"மூளை இருக்கா உனக்கு? அவங்க முன்னாடி மூணு மணி வரைக்கும் போட்ட தாளையா நீட்டுவேன்?"

பிடுங்கிக்கொண்டு போனாள். ஓரியே பின்னால் ஓடினாள். அலுவலகக் கதவு உள்ளே தாழிட்டிருந்தது. தட்டினாள். தட்டிக்கொண்டே இருந்தாள்.

"புதுப் பொண்ணு, கொஞ்சம் பதற்றம்," உள்ளே தொக்கிவாவின் குரல். "பாருங்க சார், ஒரு நிமிஷம்கூடக் கண்ணை எடுக்கறதில்லை."

இரண்டு பத்து.

திரும்பி ஓடினாள். குறிப்பேட்டில் அம்பு போட்டாள். பாயில் போட்டாள். தன் கையில் போட்டாள். தோல் கிழியும்வரை.

ஆறு குழந்தைகளும் கண் திறந்திருந்தன. மூச்சில்லாமல். ஆறு தலைகளும் அவள் பேனா நகரும் பக்கமெல்லாம் திரும்பிக்கொண்டிருந்தன.