பார்த்தாச்சு, போதும்

நாய் குரைப்பதை நிறுத்துவதுதான் என் தொழில். சிரிக்காதீர்கள். இந்த ஊரில் பாதிப் பேர் நிம்மதியாகத் தூங்குவது என் புண்ணியத்தில்தான். குதிக்கிற நாய், கடிக்கிற நாய், சோபாவைக் குதறுகிற நாய் எல்லாவற்றையும் பழக்கியிருக்கிறேன். ஆனால் என்னைத் தேடி வருகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் ராத்திரிக் குரைப்பில் அரண்டு போனவர்கள். நாய் கண்ணுக்குப் பேய் தெரியும் என்று யாராவது ஆரம்பித்தால் எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வரும். நாய்க்குப் பொழுது போகவில்லை, அவ்வளவுதான் என்று முகத்துக்கு நேராகச் சொல்லிவிடுவேன்.

அந்த வீட்டிலும் அப்படித்தான் சொன்னேன். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம்.

நான் போனது ஒரு சாயங்காலம். பழைய வீடு. கீழே மருந்துக்கடைக்காரரும் அவர் மனைவியும் ஆறு வயது மகளும் குடியிருந்தார்கள். மாடியில் வீட்டுச் சொந்தக்காரர். கூடத்திலிருந்து நீளமாக ஒரு நடைவழி உள்ளே போனது. அதில் முதலில் பெற்றோரின் அறை, கடைசியில் பாப்பாவின் அறை. அதையும் தாண்டினால் எப்போதும் பூட்டியே கிடக்கும் பின்கதவு.

கதவைத் திறந்ததுமே வாலு என் மேல் பாய்ந்தது. பெயருக்கு ஏற்ற நாய். பழுப்பு நிறம், ஒரு வயசு, கால் தரையில் நிற்பதே கிடையாது. என் பையைப் பிடுங்கிக்கொண்டு கூடத்தைச் சுற்றிச் சுற்றி ஓடியது.

"உட்காருங்கக்கா" என்றாள் அம்மாக்காரி.

"எங்க உட்கார? இது விட்டாத்தானே!"

அவள் சிரிக்க முயன்றாள். கண்ணைச் சுற்றிக் கருவளையம். "ராத்திரி ஆனா போதும்க்கா. பாப்பா ரூம் வாசல்ல நின்னுக்கிட்டு கத்து கத்துன்னு கத்துது. அங்க ஒண்ணுமே இல்ல. மாடிக்காரர் கடைசியாச் சொல்லிட்டார். ஒண்ணு நாய் போகணும், இல்ல நீங்க போகணும்ங்கிறார்."

"வாலு போனா நானும் போயிடுவேன்." மேஜைக்கு அடியிலிருந்து பாப்பாவின் குரல் வந்தது. அவள் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. உதடு நடுங்கிக்கொண்டிருந்தது.

"எங்கேயும் போகாது. நான் எதுக்கு இருக்கேன்?" என்றேன்.

முதல் வேலை, அந்த நாயின் கொழுப்பைக் கரைப்பது. காலையிலும் மாலையிலும் மூச்சிரைக்க ஓடவிட்டோம். சாப்பாட்டைத் தட்டில் வைக்காமல் துணியில் சுருட்டி, மூலைக்கு மூலை ஒளித்து, மோப்பம் பிடித்துத் தேட வைத்தோம். மூளை களைத்தால்தான் நாய் தூங்கும். வாலுவும் சாயங்காலம் சுருண்டு படுத்தது. ஆனால் நடுராத்திரியில் எழுந்து மறுபடி ஆரம்பித்துவிட்டது. சரி, கூட இருந்துதான் பார்ப்போமே என்று ஒரு ராத்திரி அங்கேயே தங்கினேன்.

குரைப்புச் சத்தத்தில் தூக்கிவாரிப்போட்டு விழித்தேன். டார்ச்சை எடுத்துக்கொண்டு நடைவழிக்குப் போனேன். பாப்பாவின் மூடிய கதவுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, முதுகு மயிர் சிலிர்க்க, பின்கதவைப் பார்த்து வாலு குரைத்துக்கொண்டிருந்தது. ஓர் அடி முன்னே வைக்கும், ஓர் அடி பின்னே வைக்கும், வாசலை மட்டும் விடாது. பின்கதவில் வெளிச்சம் அடித்துப் பார்த்தேன். பூட்டு தொங்கியது. ஈரத்துணியை நாள் கணக்கில் மூட்டையாகக் கட்டி வைத்தால் வருமே, அந்த நாற்றம் லேசாக அடித்தது. சாக்கடை அடைத்திருக்கும் என்று நினைத்தேன்.

என் முறை ரொம்பச் சுலபமானது. நாய் குரைப்பது நமக்குச் சேதி சொல்ல. சேதி போய்ச் சேர்ந்ததா என்று தெரியாதவரை அது விடாது. அதனால் அதட்டக் கூடாது. எழுந்து போய்ப் பக்கத்தில் நிற்க வேண்டும். அது பார்க்கிற திசையில் நாமும் பார்க்க வேண்டும். பிறகு நிதானமாக, "பார்த்தாச்சு, போதும்" என்று சொல்லி, ஒரு துண்டு அவித்த கோழியைக் கொடுத்து, அதன் விரிப்பில் கொண்டுபோய்ப் படுக்க வைக்க வேண்டும். காவல் பொறுப்பை நாம் ஏற்றுக்கொண்டோம் என்று அதற்குப் புரிந்துவிட்டால் குரைப்பு நின்றுவிடும்.

வாலுவின் பக்கத்தில் நின்றேன். பின்கதவைப் பார்த்தேன்.

"பார்த்தாச்சு, போதும்."

அது இருட்டைப் பார்த்தது, என் முகத்தைப் பார்த்தது, திரும்பவும் இருட்டைப் பார்த்தது. நிஜமாகவா என்று கேட்பது மாதிரி இருந்தது. நான் கோழியை நீட்டினேன். தயங்கித் தயங்கி வாங்கிக்கொண்டு, பெற்றோர் அறை வாசலில் போட்டிருந்த விரிப்புக்கு என் பின்னால் வந்தது.

நான் எதையுமே பார்த்திருக்கவில்லை.

அடுத்தடுத்த ராத்திரிகளில் அப்பாவும் அம்மாவும் மாறி மாறி எழுந்து அதே வார்த்தையைச் சொன்னார்கள். குரைப்பு தேய்ந்து, முனகலாகி, ஒருநாள் அடியோடு நின்றது. மாடிக்காரரே இறங்கி வந்து வாலுவின் தலையைத் தடவிக் கொடுத்தாராம். எனக்குப் பெருமை பிடிபடவில்லை.

பிறகு ஒருநாள் அம்மாக்காரி போன் செய்தாள்.

"நாய் சத்தமே இல்லக்கா. அது இல்ல விஷயம். பாப்பாவுக்கு உடம்பு தேய்ஞ்சுக்கிட்டே வருது. காலையில தொட்டா ஐஸ் மாதிரி இருக்கா. டாக்டர் ஒண்ணுமில்லைங்கிறார். அவ என்னென்னமோ சொல்றாக்கா."

"என்ன சொல்றா?"

அவள் குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "யாரோ மொதல்ல வாசல்ல நின்னாங்களாம். அப்புறம் கட்டில்ல கால் பக்கம் உட்கார்ந்தாங்களாம். நேத்து தலகாணியில இடம் கேட்டாங்களாம்."

கெட்ட கனவு, கூடப் படுக்க வைத்துக்கொள் என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவள் சொன்னாள்: "எங்ககூடத்தான் படுக்க வெச்சோம். விடிஞ்சு பார்த்தா அவ கட்டில்லதான் கிடக்கா."

அன்று ராத்திரி மறுபடியும் போனேன். பாப்பாவின் கதவைத் திறந்தே வைத்தோம். அப்பாவும் அம்மாவும் கூடத்தில் உட்கார்ந்திருந்தார்கள். நான் நடைவழியில் வாலுவின் விரிப்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன். பேச்சு மெல்ல மெல்ல அடங்கியது. வீட்டுக்குள் கடிகாரத்தைத் தவிரச் சத்தமில்லை.

முதலில் நாற்றம் வந்தது. அதே ஈரத்துணி நாற்றம்.

அப்புறம் சத்தம். யாரோ உள்ளங்கையால் சுவரைத் தடவிக்கொண்டே வருகிற மாதிரி. சொர சொரவென்று. பின்கதவிலிருந்து, மெதுவாக.

வாலு எழுந்திருக்கவில்லை. ஆனால் உடம்பு முழுக்க உதறிக்கொண்டிருந்தது. வாயிலிருந்து எச்சில் வழிந்து விரிப்பு நனைந்துவிட்டது. அதன் கண் மட்டும் எதையோ தொடர்ந்து போய், பாப்பாவின் அறைக்குள் போய் நின்றது. பிறகு என்னைப் பார்த்தது.

அந்தப் பார்வையை எப்படிச் சொல்வேன்! நீதானே பார்த்துக்கொள்கிறேன் என்றாய் என்கிற பார்வை.

"குரைடா" என்றேன். "வாலு, கண்ணு, குரைடா!" ஊரெல்லாம் நாயின் வாயை அடைக்கிறவள், ஒரு நாயிடம் குரைக்கச் சொல்லிக் கெஞ்சினேன். அது குரைக்கவில்லை. அவ்வளவு ஒழுங்காகப் பழக்கியிருந்தேன்.

உள்ளேயிருந்து பாப்பாவின் குரல் கேட்டது. தூக்கக் கலக்கத்தில், சலிப்பாக.

"தள்ளித்தான் படுத்திருக்கேன். இதுக்கு மேல முடியாது. சுவர் வந்துடுச்சு."

மூன்று பேரும் உள்ளே ஓடினோம். அப்பா விளக்கைப் போட்டார். பாப்பா சுவரோடு சுவராக ஒட்டிக் கிடந்தாள். கன்னம் சுவரில் அழுந்தி, உதடு நீலம் பாரித்து, மூச்சு விட்டு விட்டு வந்தது. அவளுக்கு இந்தப் பக்கம் மெத்தை ஆள் நீளத்துக்கு அமுங்கியிருந்தது. தலையணையில் ஒரு பள்ளம்.

அம்மாக்காரி பாய்ந்து பிள்ளையின் தோளைப் பிடித்து இழுத்தாள். வரவில்லை. அப்பாவும் சேர்ந்து இழுத்தார். அசையவில்லை. "ஐயோ, விடமாட்டேங்குதே!" என்று அவள் அலறினாள்.

பிள்ளையின் மூச்சு நின்று, கொஞ்சம் கழித்துத்தான் அடுத்தது வந்தது.

வாலு வாசலில் வந்து நின்றிருந்தது. அதன் பார்வை மெத்தையின் பள்ளத்தில் இல்லை. அதற்குக் கொஞ்சம் மேலே இருந்தது. எனக்கு வேறு வழி எதுவும் தோன்றவில்லை. மண்டி போட்டு, அதன் கழுத்தைக் கட்டிக்கொண்டு, என் கன்னத்தை அதன் கன்னத்தோடு வைத்து, அது பார்க்கிற இடத்தை, இமைக்காமல், முதல் முறையாக உண்மையிலேயே பார்த்தேன்.

பார்த்துவிட்டேன்.

பிள்ளையைப் பார்த்தபடி ஒருக்களித்துப் படுத்திருந்தது. ஒரு கை அவளைச் சுற்றிச் சுவரில் ஊன்றியிருந்தது. நீளமான கை. மற்றதை என்னால் சொல்ல முடியாது, கேட்காதீர்கள். நான் பார்த்ததும் அதற்குத் தெரிந்துவிட்டது. தலை மெதுவாக என் பக்கம் திரும்பியது.

கண்ணை எடுக்காமல் சொன்னேன்.

"பார்த்தாச்சு. நான் பார்த்துட்டேன். போதும், பிள்ளைய விடு."

மெத்தை மெல்ல மேலே எழும்பியது.

பிள்ளை தாயின் மடியில் வந்து விழுந்தாள். விழுந்தவுடன் வீல் என்று அழுதாள். அந்த அழுகையைக் கேட்டு எனக்கு உயிர் வந்தது. மருந்துக்கடைக்காரர் என் கையைப் பிடித்துக்கொண்டு குழந்தை மாதிரி தேம்பினார். "எங்க தெய்வம்க்கா நீங்க" என்றாள் அம்மாக்காரி.

அப்போதுதான் வாலு குரைத்தது. வீடே அதிர்ந்தது.

கட்டிலைப் பார்த்துக் குரைக்கவில்லை. பாப்பாவுக்கும் எனக்கும் நடுவில் வந்து நின்று, என்னைப் பார்த்துக் குரைத்தது. இல்லை, என்னையும் அல்ல. என் வலது தோளுக்குக் கொஞ்சம் மேலே.

"வாலு! அக்காடா!" என்று அப்பா அதட்டினார். பிறகு நான் கற்றுக்கொடுத்ததைச் சொல்வதற்காக அதன் பக்கத்தில் போய் நின்றார்.

"வேண்டாம் சார்" என்றேன். "குரைக்கட்டும். விடுங்க."

பையைக்கூட எடுக்காமல் வெளியே வந்தேன். தெரு காலியாக இருந்தது. எதிர்வீட்டு நாய் குரைத்தது. அதற்கு அடுத்த வீட்டு நாய். தெரு முனை வரைக்கும், நான் ஒவ்வொரு வாசலைக் கடக்கும்போதும் அந்தந்த வீட்டு நாய் எழுந்து குரைத்தது. நான் போன பிறகு ஒவ்வொன்றாக அடங்கியது.

பாப்பா இப்போது நன்றாகச் சாப்பிடுகிறாளாம், விடிகிற வரை ஒரே தூக்கமாம். வாலுவும் அவள் காலடியில் குறட்டை விடுகிறதாம். ஒரு நடை வந்து பிள்ளையைப் பார்த்துவிட்டுப் போங்கள் என்று அவள் அம்மா கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறாள். நான் போகமாட்டேன்.

ராத்திரியில் விளக்கை அணைக்காமல் கட்டிலின் ஓரத்தில் படுத்துக்கொள்கிறேன். ஊர் நாய்களையெல்லாம் பழக்குகிற நான், எனக்கென்று ஒரு நாய் வளர்த்ததில்லை. என்கூட வந்தது இப்போது எங்கே நிற்கிறது என்று சொல்ல இந்த வீட்டில் யாருமில்லை.