அம்மாவின் பதினோராயிரம் அடிகள்

கோடை விடுமுறை தொடங்கும் அன்று விளையாட்டு டீச்சர் எங்கள் எல்லோருக்கும் ஆளுக்கொரு கறுப்புப் பட்டை கொடுத்தார். கையில் கட்டிக்கொண்டால், எத்தனை அடி நடக்கிறோம் என்று அது எண்ணிக் காட்டும்.

"தினமும் ஐயாயிரம் அடி நடக்கணும். நோட்டில் எழுதணும். ஏமாத்தினா எனக்குத் தெரிஞ்சிடும்!" என்றார்.

எனக்கு விடுமுறை என்றால் கட்டிலில் குப்புறப் படுத்துப் புத்தகம் படிப்பதுதான். கதைக்குள் பனிமலை ஏறுவேன், பாலைவனம் தாண்டுவேன். பட்டை மட்டும் 'முந்நூற்றுப் பன்னிரண்டு' என்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருக்கும்.

நான்காம் நாள் ஒரு யோசனை வந்தது. முன்னறையில் அம்மா தையல் மெஷினை மிதித்துக்கொண்டிருந்தாள். கால் டகடகவென்று ஆடிக்கொண்டே இருந்தது.

"அம்மா, இதை உன் காலில் கட்டட்டுமா?"

"எதுக்குடி?"

"சும்மாதான். உனக்கு அழகா இருக்கும்."

"காலில் கடிகாரமா? என்ன கூத்தோ! தையல் கெடாம இருந்தா சரி."

சாயங்காலம் பார்த்தேன். பதினோராயிரம்! வகுப்பிலேயே நான்தான் முதல். குதித்துக்கொண்டு பட்டையைக் கழற்றினேன்.

கழற்றிய இடத்தில் பள்ளமாக ஒரு கோடு. பாதம் இரண்டும் வீங்கியிருந்தன.

"என்னம்மா இது?"

"நாள் முழுக்க உட்கார்ந்தே இருந்தா அப்படித்தான். கொஞ்சம் நடங்கன்னு டாக்டர் சொன்னாங்க. எங்கே முடியுது? பள்ளிக்கூடம் திறக்கிறதுக்குள்ள நாற்பது யூனிஃபார்ம் தைக்கணுமே."

பதினோராயிரம் தடவை அசைந்த கால், வாசலைக்கூடத் தாண்டவில்லை. என் அலமாரியில் இருக்கும் புத்தகங்களெல்லாம் அந்தக் கால் வாங்கித் தந்தவை.

நோட்டை எடுத்து, 'பதினோராயிரம். அம்மாவுடையது' என்று எழுதினேன்.

"அம்மா, இனிமே பட்டன் எல்லாம் நான் தைக்கிறேன். மிச்சமாகிற நேரத்துல ரெண்டு பேரும் நடக்கப் போலாம்."

"நீயா? உன்னை விட்டுட்டுக் கட்டில் எப்படி இருக்கும், பாவம்!"

முதல் சட்டையில், முன்பக்கத்தோடு பின்பக்கத்தையும் சேர்த்துத் தைத்துவிட்டேன்.

"இதைப் போடுற பையன் எந்த வழியா உள்ளே போவான்?" அம்மா விழுந்து விழுந்து சிரித்தாள். பிறகு பொறுமையாகப் பிரித்துக் கொடுத்தாள்.

அன்று தெருமுனை வரைதான் போனோம். அதற்கே அம்மா இரண்டு இடத்தில் நின்றாள். மறுநாள் பூங்கா வரை. அப்புறம் ஏரிக்கரை. வெயில் ஏறுமுன் கிளம்பினோம். மரத்தடி மரத்தடியாக நின்று தண்ணீர் குடித்தோம். நான் படித்த கதைகளைச் சொல்ல, அம்மா "அப்புறம்? அப்புறம்?" என்று கேட்டபடியே நடந்தாள்.

பத்தாம் நாள் ஏரிக்கரை பெஞ்சில் உட்கார்ந்து அம்மா காலை நீட்டினாள்.

"ஏய், இங்கே பாரு! கணுக்கால் எலும்பு தெரியுது!"

புது நகை போட்டதுபோலக் காலைத் திருப்பித் திருப்பிக் காட்டினாள். பிறகு என் தலையைக் கோதிவிட்டாள்.

"உனக்கு எப்படிடி நன்றி சொல்றது?"

"நாளைக்குக் கொஞ்சம் மெதுவா நட. அது போதும்," என்றேன், மேல்மூச்சு கீழ்மூச்சு வாங்கியபடி.